ஹப் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

ரம்யா போன் செய்தபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, உங்க பழைய பீரோவுல ஒரு ஹப் கெடந்துச்சு. அது மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. ஒடைஞ்சு கிடைஞ்சு போயிருக்கா? உரிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"உரிச்சே, கையை ஒடச்சிடுவேன்" என்றேன்.

பாவம், அரண்டுவிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பாடாலூர் வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் வாய்க்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

பெரம்பலூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் காது பரிசோதனை மையத்தில்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் போனது. இப்போது என் நாற்காலியில் ரம்யா இருக்கிறாள். மையத்துக்குப் புதிதாக ஒரு டேப்லெட் வந்திருக்கிறதாம். பார்க்க லட்சணமாக இருக்கிறதாம், கைப்பைக்குள் அடங்கிவிடுகிறதாம். ஆனால் அதில் இருப்பது ஒரே ஒரு ஓட்டை. அதில் சார்ஜர் போட்டால், ஹெட்போனுக்குச் சத்தம் அனுப்பும் பரிசோதனைப் பெட்டியை மாட்ட முடியவில்லை. பெட்டியை மாட்டினால் சார்ஜ் ஏறவில்லை. ஹெட்போனை வயரில்லாமல் புளூடூத்தில் போட்டுக்கொள்ளலாமே என்று யாரோ யோசனை சொன்னார்களாம்.

"அது ஆகாதுன்னு எனக்கே தெரியும்க்கா. சத்தத்தை அதுவே கூட்டும், அதுவே கொறைக்கும். அளவு தப்பிடும். அதான் ஹப்பைத் தேடினேன்" என்றாள் ரம்யா. கெட்டிக்காரி. ஒரு ஓட்டையில் செருகினால் மறுபக்கம் நாலு ஓட்டை கொடுக்கும் சின்னப் பெட்டிதான் ஹப். அவள் தேடியது சரியான சாமான்தான்.

"மாட்டிக்க. ஆனா பிளாஸ்திரி மேல கையை வைக்காத" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஹப்பில் ஆரம்பிக்க முடியவில்லை. வளையலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

திருச்சியில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன், பாஸ் செய்தேன், கல்யாணம் ஆனது, வேலை கிடைத்தது. உண்மையான படிப்பு டாக்டர் மெஹருன்னிசா மேடத்திடம் தொடங்கியது. மையத்தின் காது டாக்டர் அவர். மெல்லப் பேசுவார். காது கேட்காதவர்கள் வந்து போகிற இடத்தில் நாங்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம். அவர் மட்டும் பக்கத்து ஆளுக்கு ரகசியம் சொல்வதுபோலப் பேசுவார். இன்னொரு பழக்கமும் உண்டு. பேசும்போது கையில் இருக்கும் ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்வார். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். நாளடைவில் அது கையோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் நின்று "சக்கரை கம்மியா" என்று சொல்லும்போதும் வாயைப் பொத்திக்கொள்வார். கடைக்காரர் அவருக்குப் பல்வலி என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வளையலைக் கழட்டிடுங்க தனம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். "சத்தம் வரும், சரி. அதை விட, நீங்க பட்டனை அழுத்தறப்ப வளையல் ஆடும். புள்ளைங்க அதைப் பாத்துக் கையத் தூக்கிடும். இந்த வேலையில மொதல்ல கண்ணை அடைக்கணும். அப்பறம்தான் காதைப் பாக்கணும்" என்றார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாமியார் ஆடித் தீர்த்துவிட்டார். "எம்மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வெறுங்கையோட எங்கடி போற?" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு மையத்தின் கேட்டு வரைக்கும் வளையலோடு போவேன். உள்ளே நுழைந்ததும் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போடுவேன். சாயங்காலம் ரசம் வாசனையோடு மறுபடி மாட்டிக்கொள்வேன். என் உத்தியோகத்தின் மணம் என்ன என்று கேட்டால் ரசம் வாசனைதான் என்று சொல்வேன்.

கண்ணை அடைப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு லாரி டிரைவர். அரியலூர்ப் பக்கம் முகாம் என்றால் பெரிய தலைவலி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட அறை ஒன்றைப் பிடித்து, ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளம் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, லாரி கடந்து போகும்வரை பட்டன் மேல் விரலை வைத்துக் காத்திருப்பேன். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் வேர்த்து ஊற்றும். அப்படி ஒரு முகாமுக்கு அந்த டிரைவர் வந்தார். மனைவி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எதிரே உட்கார்ந்து நாங்கள் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். "பாத்தியாடி, என் காதுக்கு என்ன குறைச்சல்?" என்று மனைவியிடம் மல்லுக்கு நின்றார். மேடம் ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு அவர் ஊர் என்ன என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். மனிதர் எரிச்சலாகி, "டாக்டரம்மா, அந்த ஃபைலைக் கீழ எடுங்க. அப்பத்தானே காது கேக்கும்!" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இனி மடிக்கணினிக்கு வருகிறேன். எங்கள் பழைய லேப்டாப் ஒரு பெரிய ஆள். அதைத் தூக்கிக்கொண்டு அரும்பாவூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "என்னக்கா, அம்மிக்கல்லா?" என்பார். ஆனால் முதுகுப்பக்கம் முழுக்க ஓட்டைகள். பரிசோதனைப் பெட்டிக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இரண்டு மூன்று. எல்லா வயரும் பின்பக்கம் போய்விடும். எதிரே உட்காரும் பிள்ளைக்கு மூடியின் முதுகு மட்டும்தான் தெரியும். ஒரே குறை அதன் காற்றாடி. சூடேறினால் மாவு மிஷின் மாதிரி இரையும். மெல்லிய சத்தத்தைக் கேட்கிறதா என்று பிள்ளையைச் சோதிக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒரு மாவு மிஷின் ஓடினால் எப்படி இருக்கும்? அணைத்துவிட்டு, ஆறவைத்து, மறுபடி போடுவோம்.

அது ஒருநாள் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வந்தது. ஒல்லியென்றால் அப்படி ஒரு ஒல்லி. ஆடி மாசக் காற்றில் பறந்துவிடுமோ என்று கையில் இறுக்கிப் பிடித்தேன். காற்றாடியே கிடையாது, மூச்சுச் சத்தம்கூட வராது. காலையில் சார்ஜ் ஏற்றினால் சாயங்காலம்வரை தாங்கும். குன்னம் பக்கம் கரண்ட் போனாலும் கவலையில்லை. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்த அமைதிக்காகத்தானே நாங்கள் ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்! ஆனால் ஓட்டை இரண்டே இரண்டு. இரண்டும் இடதுபக்கம். அதுவும் குட்டி ஓட்டை, எங்கள் பழைய வயர் எதுவும் நுழையாது. திருச்சிக்குப் போய் ஒரு ஹப் வாங்கி வந்தோம். சின்னதொரு வாலோடு லேப்டாப்பின் இடதுபக்கம் அது மேஜை மேல் கிடக்கும். எதிரே இடதுபக்கமாகத்தான் பிள்ளையின் நாற்காலி.

அந்த லேப்டாப்போடு குன்னம் முகாமுக்குப் போனோம். மக்காச்சோளம் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். மகேஸ்வரி என்று ஒரு பெண், இடுப்பில் நாலு வயசுக் குழந்தையோடு வந்தாள். குழந்தை பெயர் நிவேதா. துறுதுறுவென்று கண், நெற்றி நிறைய மை.

"பேச்சு வரலைக்கா. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறா. காது கேக்கலையோன்னு எனக்குச் சந்தேகம். வூட்டுல யாரும் நம்பல. எம்மாமியார், 'கொழுப்புடி அவளுக்கு, நீ குடுக்கற செல்லம்'ங்குது. 'நாலு போடு, தானா திரும்புவா'ங்குது. எங்கூட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. இன்னைக்கு இதைப் பாத்துட்டா எனக்கு ஒண்ணு தெரிஞ்சுபோயிடும்" என்றாள்.

பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்குக் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் உண்டு. ஆனால் அதற்கு வயசு முக்கியம். தள்ளிப்போகத் தள்ளிப்போகப் பேச்சு வருவது கஷ்டமாகிவிடும். நாலு வயசு என்பதே எங்களுக்குத் தாமதம்தான். அன்று நாங்கள் எழுதித் தருவதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை திருச்சிக்குப் போவதும், வீட்டிலேயே அடி வாங்கிக்கொண்டு கிடப்பதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்யும் முறை ஒன்று உண்டு. பிள்ளையின் கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுப்போம். ஹெட்போனில் 'பீப்' என்று கேட்டால் அதை டப்பாவில் போட வேண்டும். முதலில் பெரிய சத்தமாக வைத்து, பிள்ளையின் கையைப் பிடித்து நாமே போட்டுக் காட்டுவோம். இரண்டு மூன்று தரம் காட்டினால் விளையாட்டு பிடிபட்டுவிடும். பிறகு சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவோம். நடுவில் சத்தமே வைக்காமல் சும்மா இருப்போம். அப்போது போடாமல் காத்திருந்தால் பிள்ளை ஏமாற்றவில்லை என்று அர்த்தம்.

நிவேதா விளையாட்டை உடனே பிடித்துக்கொண்டாள். போட்டாள். குறைத்தேன், போட்டாள். இன்னும் குறைத்தேன், அதற்கும் போட்டாள். சும்மா இருந்தேன், கொட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரிக் காத்திருந்தாள். மறுபடி வைத்ததும் டக்கென்று போட்டுவிட்டு, கைதட்டச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டாலும் எனக்குக் கேட்காத சத்தத்துக்குக்கூட அவள் போட்டாள்.

இதையெல்லாம் மகேஸ்வரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, கண்ணெதிரே நடக்கிறதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போனவள், அங்கே அதை இறக்கிவிட்டு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அப்ப இத்தினி நாளா கேட்டுக்கிட்டேதான் திரும்ப மாட்டேன்னியா? என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டியேடி!"

குழந்தை வீறிட்டு அழுதது. நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். "என்னம்மா நீ, அறிவிருக்கா? இன்னும் முடியலைம்மா" என்று சத்தம் போட்டேன். அவளோ சுவரோடு சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். காது கேட்கிறது என்றால் எந்தத் தாயும் சந்தோஷப்படுவாள். இவள் அழுதாள்.

எந்தச் சத்தம்வரை கேட்டது என்று காட்டும் வரைபடத்தை மேடத்திடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபைல் வாய்க்குப் போனது. "இது என் காதை விட நல்ல காதா இருக்கே தனம். வெளிய சோளம் அடிக்கிற மிஷின் ஓடுது. உங்களுக்கே கேக்காதது இந்தப் புள்ளைக்கு எப்படிக் கேக்குது?" என்றார். எந்தப் பிள்ளைக்கும் இடைவெளி விட்டு இரண்டாம் தரம் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை. "டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவை பாப்போம்" என்றார்.

அந்த இடைவெளியில் வேறு இரண்டு பேருக்கு ரிப்போர்ட் அச்சடிக்க வேண்டியிருந்தது. பிரின்டர் எனக்கு வலதுபக்கம் தள்ளியிருந்தது. அதன் வயர் எட்டவில்லை. ஹப்பை இழுத்து, லேப்டாப் மூடிக்கு என் பக்கமாக, விசைப்பலகை ஓரத்தில் போட்டேன். ரிப்போர்ட் வந்தது. ஹப்பை மறுபடி அதன் இடத்தில் எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனது எந்தச் சாமி புண்ணியமோ.

நிவேதாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துச் சமாதானப்படுத்தி மறுபடி உட்காரவைத்தோம். ஹெட்போனை மாட்டினேன். கொட்டையைக் கொடுத்தேன். சத்தம் வைத்தேன்.

போடவில்லை.

கூட்டினேன். போடவில்லை. இன்னும் கூட்டினேன். கொட்டை கன்னத்திலேயே இருந்தது. ஹெட்போன் போச்சு என்று நினைத்தேன். கழற்றி என் காதில் வைத்துப் பார்த்தேன். காதைப் பிளக்கிற மாதிரி 'பீப்' அடித்தது. வயரை ஆட்டிப் பார்த்தேன், பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"கோவத்துல இருக்கா. நான் அடிச்சதால போட மாட்டேங்குறா" என்றாள் மகேஸ்வரி பின்னாலிருந்து. இப்போது அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

ஆனால் நிவேதா கோபமாக இல்லை. நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு, மேஜை ஓரத்தைப் பிடித்து எட்டி எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். லேப்டாப்புக்கு அடியில் குனிந்து பார்த்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி. கொட்டையை மட்டும் கீழே விடவில்லை.

மேடம் அவள் பின்னால் வந்து குனிந்து, அவள் கண் இருக்கும் உயரத்தில் தன் தலையை வைத்துக்கொண்டார். "காலையில இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். வாயை மறைக்க மறந்துவிட்டார்.

ஹப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

"ஹெட்போனைக் கழட்டி மேஜை மேல வைங்க தனம்" என்றார். வைத்தேன். "இப்ப அழுத்துங்க."

அழுத்தினேன். ஹப்பின் மூலையில் கடுகளவு நீல விளக்கு ஒன்று மின்னியது. காதில் ஒன்றுமே இல்லாத நிவேதா, கொட்டையை டப்பாவில் போட்டுவிட்டு, கைதட்டச் சொல்லி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குச் சத்தம் போகும்போதெல்லாம் அந்த விளக்கு மின்னியிருக்கிறது. எத்தனையோ நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம், எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. வளையலைக் கழற்றினோம், வாயை மூடினோம், திரையைத் திருப்பினோம். கேட்காத பிள்ளையின் கண் கடுகளவு வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டது. நாங்கள் கையைப் பிடித்துப் போட்டுக் காட்டியபோது, விளக்கு மின்னினால் போட வேண்டும் என்பதுதான் விளையாட்டு என்று அது நினைத்திருக்கிறது. அதன்மேல் என்ன தப்பு? விளையாட்டை ஒழுங்காகத்தான் விளையாடியது.

மேடம் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்து அந்த விளக்கின் மேல் இரண்டு மடிப்பாக ஒட்டினார். மூன்றாம் தரம் பரிசோதனை செய்தோம். எவ்வளவு கூட்டியும் நிவேதா கொட்டையைப் போடவில்லை.

மகேஸ்வரியை உட்காரவைத்து மேடமே சொன்னார். ஒரு தாயிடம் 'உன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்வதை இந்த வேலையில் நான் பல தரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாளும் பழகவில்லை. மகேஸ்வரி குழந்தையின் சட்டையைத் தூக்கி, முதுகில் தான் அடித்த இடத்தைத் தடவினாள்.

"அப்ப எம்புள்ள திமிரு பண்ணலைங்களா டாக்டரம்மா?"

"இல்லம்மா."

"கூப்புட்டது கேக்கவே இல்லைங்களா?"

"கேக்கலைம்மா. கேக்க வைப்போம், இன்ஷா அல்லாஹ்."

"இதை எம்மாமியாகிட்டயும் வந்து சொல்லுங்க" என்றாள். மேடம் போனார். முகாம் முடிந்ததும் ஜீப்பைத் திருப்பச் சொல்லி மாமியார் வேலை செய்துகொண்டிருந்த சோளக்கொல்லை வரைக்கும் போய், வாயை மறைக்காமல், நான் அதுவரை கேட்டே இராத சத்தத்தில், "இனிமே இந்தப் புள்ள மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மா அறுத்துக்கொண்டிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, ஓடிவந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

திருச்சியில் மேற்கொண்டு பரிசோதித்தார்கள், ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு பேச்சுப் பயிற்சிக்காக மகேஸ்வரி வாரா வாரம் குன்னத்திலிருந்து பஸ் பிடித்து எங்கள் மையத்துக்கு வந்தாள். 'அம்மா' என்று ஒரு சொல் வர எத்தனை பஸ் ஏறினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். நடுவில் மேடம் வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். பிளாஸ்திரி மட்டும் ஹப்பின் மேலேயே இருந்தது. அழுக்கேறினால் புதிதாக ஒட்டுவோம்.

ரம்யாவுக்கு எழுதி அனுப்புகிறேன் என்றேனே தவிர, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டேன். டேப்லெட்டைத் தூக்கிப் பார்த்தேன். என் ஒல்லி லேப்டாப்பே இதன் முன்னால் குண்டு. ஹப்பை மாட்டி, பெட்டியை மாட்டி, சார்ஜரையும் மாட்டினோம். பழைய பிளாஸ்திரி ஓரம் பிரிந்திருந்தது. அதன்மேல் புதிதாக ஒன்றை அழுத்தி ஒட்டினாள் ரம்யா. நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் சிரமப்பட்டு உட்கார்ந்து, எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். எழுந்திருக்க ரம்யா கைகொடுக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்தால் வராண்டா பெஞ்சில் மகேஸ்வரி! நிவேதாவின் கருவியைச் சரிபார்க்க வந்திருக்கிறாள். "அக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, தூணோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி அம்மாவின் போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். காதுக்கு மேல் கருவியின் வெளிப்பாகம் தெரிந்தது. முதுகு எங்கள் பக்கம்.

"நிவேதா! யாரு வந்திருக்காங்க பாரு" என்று கூப்பிட்டாள் மகேஸ்வரி.

அவள் திரும்பவில்லை.

"ஏய் நிவேதா!"

திரும்பவில்லை. கருவி வேலை செய்யவில்லையோ, அதற்குத்தான் வந்திருக்கிறார்களோ என்று மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன்.

தூணோரத்திலிருந்து, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு குரல் வந்தது. "இரும்மா, வரேன்! சும்மா கத்தாத!"

மகேஸ்வரி என் கையை விடாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்தீங்களாக்கா இவளை? எல்லாம் கேட்டுக்கிட்டேதான் திரும்ப மாட்டேங்குறா!"